சீனி ஒரு பக்கம், டீத்தூள் ஒரு பக்கம்

எங்கள் பக்கத்து டீக்கடையில் யாராவது "சீனி இல்லாம ஒண்ணு" என்று சொன்னால் போதும், அருகில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். "எப்போ இருந்து?" என்பார். சுகர் வந்துவிட்டது என்று அவருக்கு உடனே புரிந்துவிடும். டெஸ்ட் எங்கே எடுத்தது, எந்த டாக்டர், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாயா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஆறுதல்போல ஒன்று சொல்வார்: "என்ன செய்ய, சீனி இல்லாம குடிச்சா அதுல என்ன தெம்பு இருக்கு?"

இந்தத் தெம்பு விஷயத்தைத்தான் எழுத நினைத்தேன். ஒரு கிளாஸ் டீ குடித்தபின் கண் திறக்கிறதே, அது சீனியின் வேலையா, டீத்தூளின் வேலையா? கேட்டால் பாதிப்பேர் சீனி என்றுதான் சொல்கிறார்கள். அதே ஆள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரண்டு படுத்தால், குற்றம் சாப்பிட்ட பரோட்டா மேல் போகும், கொசு மேல் போகும், மகன் வேலைக்குப் போகாத கவலை மேல் போகும். டீத்தூள் மேல் மட்டும் போகாது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, டெக்னீசியன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வெளியே வெறும் வயிற்றோடு நாலைந்து பேர் நிற்பார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டும், அவர்கள் ரத்தத்தைப் பார்த்தும் எனக்கு வந்த எண்ணம் இது: சீனியின் அன்றைய ஆட்டம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, ஆனால் அதன் பாக்கி வருஷக்கணக்கில் ஏறுகிறது. டீத்தூளில் இருக்கும் காஃபின் அப்படியே தலைகீழ். அன்று ராத்திரிவரை விடாது, ஆனால் அளவோடு குடிக்கிற ஆளிடம் வருஷக்கணக்கில் பெரிய பாக்கி எதுவும் வைப்பதில்லை. நாம் ரெண்டையும் மாற்றிப் போட்டு வைத்திருக்கிறோம்.

முதலில் கிளாஸுக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். மாஸ்டர் போடுகிற இரண்டு ஸ்பூன் சீனி 8 முதல் 10 கிராம் வரும். காஃபின்? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம். அதே அளவு டிகாக்ஷன் காப்பியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65. ஆக சீனியின் எடையில் நூறில் ஒரு பங்குகூட காஃபின் தேறாது. இவ்வளவு துக்கடாவாக இருந்துகொண்டு ஆளை ராத்திரி முழுக்க உட்காரவைக்கிறது என்றால் அது உணவு மாதிரி வேலை செய்யவில்லை, மருந்து மாதிரி வேலை செய்கிறது என்று அர்த்தம். சீனிக்குக் கலோரி உண்டு, கிராமுக்கு 4. காஃபினால் வரும் கலோரி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. சக்தி என்ற சொல்லைக் கறாராகப் பிடித்தால், டீக்கடைக்காரர் சொல்வது சரிதான், சக்தி சீனியில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சக்தி நமக்குத் தெம்பாகத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி.

சீனி உள்ளே போய் என்ன செய்கிறது? சிறுகுடலில் அது இரண்டாக உடைகிறது: பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறுகிறது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். ஒரு ஆளுக்கு ரத்தம் சுமார் 5 லிட்டர். வெறும் வயிற்றில் சுகர் 90 என்றால், ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 90 மில்லிகிராம். 5 லிட்டருக்கு நாலரை கிராம். ஒரு ஆளின் மொத்த ரத்தத்திலும் ஓடுகிற குளுக்கோஸ் ஒரு டீஸ்பூன் அளவுதான்! இரண்டு ஸ்பூன் போட்ட ஒரு டீயிலிருந்து வருகிற குளுக்கோஸும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால்தான் உடம்பு அதை ரத்தத்திலேயே நிற்க விடுவதில்லை. கணையம் இன்சுலினை விடுகிறது. தசையும் கொழுப்பும் இழுத்துக்கொள்கின்றன, ஈரல் கொஞ்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அளவு பழைய இடத்துக்கு வந்துவிடும். சுகர் இருப்பவருக்கு இந்த இழுப்பு நடப்பதில்லை, அல்லது மெதுவாக நடக்கிறது. நோயே அதுதான்.

இன்னொரு பாதியான ஃப்ரக்டோஸ் நேராக ஈரலுக்குப் போகிறது. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டர் கண்ணில் அது படவே படாது. அளவு மீறினால் ஈரல் அதைக் கொழுப்பாக்கும். சமீபகாலமாக ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் 'ஃபேட்டி லிவர்' என்ற வரியைச் சாராயத்தைத் தொட்டுப் பார்க்காத ஆட்களிடமும் பார்க்கிறேன். அதற்குக் காரணங்கள் பல. அதில் இதுவும் ஒன்று.

சரி, தெம்புக்கு வருவோம். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் சுகர் டெஸ்டில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஒரே மூச்சில் குடிக்கக் கொடுப்போம். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் 140-க்குக் கீழே இருக்க வேண்டும். குடிக்கும்போது முகத்தைச் சுளிப்பார்கள், குமட்டும், துணைக்கு வந்த அம்மா முதுகைத் தடவிவிடுவார். 75 கிராம் என்றால் டீயில் போடும் சீனி ஏழெட்டு கிளாஸுக்கு ஆகும். சீனிதான் தெம்பு என்றால் இந்தப் பெண்கள் எழுந்து வண்ணார்பேட்டை வரைக்கும் ஓடிவிட்டு வர வேண்டும். நடப்பது என்ன தெரியுமா? முதல் கால்மணி நேரம் பேச்சுச் சத்தம் கேட்கும். அப்புறம் ஒவ்வொருத்தராக அடங்குவார்கள். முக்கால் மணி நேரத்தில் பெஞ்சில் ஒரு தலை பக்கத்துத் தோளில் சாய்ந்திருக்கும், இன்னொருத்தி செல்போனைக் கையில் பிடித்தபடியே தூங்கியிருப்பாள். மசக்கை, காலையில் சீக்கிரம் எழுந்த அலுப்பு, ஃபேன் காற்று எல்லாமே காரணம்தான், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அத்தனை குளுக்கோஸும் ஒருத்தரைக்கூடத் துள்ள வைத்து நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிக்காரர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் ஐரோப்பாவில் 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சீனி, மாவு போன்றவற்றைச் சாப்பிட்டபின் மனநிலை ஏறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் அசதி கூடியிருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைந்திருந்தது. மூளையில் ஓரெக்ஸின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் சில உண்டு, நம்மை விழிக்கவைப்பவை. குளுக்கோஸ் ஏறினால் அவை அடங்கிப்போகின்றன என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் வேடிக்கை. கல்யாண வீட்டில் அல்வாவும் லட்டும் தின்ற பிள்ளைகள் மண்டபத்தை ரெண்டாக்கினால் "எல்லாம் தின்ன இனிப்பு செய்த வேலை" என்போம். அமெரிக்காவில் 1994-இல் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளுக்குச் சீனியே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் மட்டும் "நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்த அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளை அடங்காமல் ஆடுவதாகத் தெரிந்தது. மறு வருடம் வந்த ஒரு தொகுப்பாய்வும் சீனியால் பிள்ளைகளின் நடத்தை மாறவில்லை என்றே சொன்னது. மண்டபமும், சொந்தக்காரப் பிள்ளைகளும், அதட்ட நேரமில்லாத அப்பாவும் சேர்ந்தால் சீனி எதற்கு?

அல்வா என்று எழுதிவிட்டு எங்கள் ஊர் அல்வாவைச் சும்மா தாண்டிப் போக முடியாது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் சுருளும் கூட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. கோதுமைப் பால் என்பது மாவுச்சத்து. அதுவும் உள்ளே போய்க் குளுக்கோஸ்தான் ஆகும். அதோடு சீனி. நெய் இருப்பதால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், சுகரும் மெதுவாக ஏறி, அதிக நேரம் நிற்கும். "ராத்திரி ஒரு துண்டுதான் தின்னேன், விடிஞ்சு பாத்தா இருநூறு" என்று அங்கலாய்ப்பவர்கள் அந்தத் துண்டின் அளவை ஒருபோதும் சொல்வதில்லை. வாழை இலையில் வைத்த சூட்டோடு அது தொண்டையில் இறங்குகிற வேகத்தில் யார்தான் அளவு பார்க்கிறார்கள், அதுவும் உண்மை.

இப்போது டீத்தூள் பக்கம். காஃபினுக்குச் செரிமானம் என்று தனியாக ஒன்றும் வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எல்லாமே ரத்தத்துக்குப் போய்விடும், மூளைக்குள்ளும் தடையில்லாமல் நுழையும். அங்கே அடினோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வரும். அதற்கென்று மூளைச் செல்களில் இடம் உண்டு. அந்த இடத்தில் அது போய் உட்கார உட்கார நமக்கு அசதி தட்டும், தூக்கம் வரும். காஃபினும் பார்வைக்கு அடினோசின் மாதிரியே இருப்பதால் அந்த இடத்தில் பொருந்திவிடும், ஆனால் அசதியைத் தராது. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பார்களே, காஃபின் அந்தத் துண்டு. உட்கார வேண்டிய ஆள் வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறார். ஏறுகிற ஆட்கள் ஏறிக்கொண்டும் இருக்கிறார்கள். துண்டை எடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள்.

அதாவது காஃபின் தெம்பு எதையும் கொண்டுவருவதில்லை. அசதியைத் தெரியாமல் மறைக்கிறது. அட்ரினலினையும் கொஞ்சம் தூண்டிவிடுவதால் நெஞ்சு லேசாகப் படபடக்கும், ரத்த அழுத்தம் சிறிது நேரம் ஏறும், ஈரலும் கொஞ்சம் குளுக்கோஸை வெளியே விடும். "சீனி போடாத கடுங்காப்பிதானே குடிச்சேன், அதுக்கென்ன" என்று ஃபாஸ்டிங் டெஸ்டுக்கு வருகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவது இதனால்தான். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காப்பி அந்த நேரத்துக்கு இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் மந்தமாக்கும். இன்னொரு பக்கம், வருஷக்கணக்கில் காப்பி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகைச் சுகர் குறைவாக இருப்பதையும் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். காஃபின் நீக்கிய காப்பியிலும் அப்படியே தெரிவதால், அந்த நன்மைக்குக் காப்பியில் இருக்கும் மற்றப் பொருட்கள் காரணமாக இருக்கலாம். அதற்காகச் சுகருக்கு மருந்தாகக் காப்பி குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம்.

காஃபினை முதலில் பிரித்தெடுத்தவர் ரூங்கே என்ற ஜெர்மன் இளைஞர், 1819-இல். அதற்கான காப்பிக்கொட்டையைக் கொடுத்தது கவிஞர் கேதே. செடிக்கு அது பூச்சியை விரட்டும் மருந்து. எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே, மணிமுத்தாறுக்கு மேலே, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலை நின்ற மலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கதை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதைப் போகிறபோக்கில் எழுதக் கூடாது, தனியாகத்தான் எழுத வேண்டும்.

தினமும் காஃபின் குடித்தால் மூளை சும்மா இருக்காது. அடினோசின் உட்காரும் இடங்களைக் கூட்டிக்கொள்ளும். அப்புறம் அதே ஒரு டீ போதாது. ஒரு நாள் டீ கிடைக்கவில்லை என்றால் தலைவலி. கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அது ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம்கூட இழுக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 2013 முதல் இதற்கென்று தனி இடமே உண்டு.

எங்கள் லேபில் இதை அடிக்கடி பார்க்கலாம். போன மழைக்காலத்தில் மேலப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா ஃபாஸ்டிங் ரத்தம் கொடுக்க வந்தார். கூட்டம் அதிகம், ஒன்பதரை ஆகிவிட்டது. நெற்றியை அழுத்திப் பிடித்தபடி, "எம்மா, சுகர் இறங்கிட்டு போல, தலை வெடிக்கி, சீக்கிரம் எடு, ஒரு மிட்டாய் வாயில போடணும்" என்றார். ரத்தத்தை எடுத்துவிட்டு விரலிலும் ஒரு சொட்டு குத்திப் பார்த்தேன். 118. இறங்கவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சுகர் நிஜமாகவே இறங்கினால் 70-க்குக் கீழே போகும், வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். "கடைசியா டீ எப்போ குடிச்சீங்க?" என்று கேட்டேன். முந்தின நாள் அசர் தொழுகைக்குப் பிறகு. பதினாறு பதினேழு மணி நேரம். மிட்டாய் வேண்டாம், சீனி இல்லாமல் ஒரு டீ குடித்துப் பாருங்கள் என்று அனுப்பினேன். ரிப்போர்ட் வாங்க வந்தபோது முகமே வேறாக இருந்தது. நோன்பு மாசத்து முதல் சில நாட்களில் வருகிற தலைவலிக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் அந்தக் கஷ்டம் இருக்காது.

இனி மெயின் விஷயம், நேரம். குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, ராத்திரி பதினொரு மணிக்கும் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. விடியக்காலை நாலு மணிக்குக் கால் பங்கு. 2013-இல் அமெரிக்காவில் ஒரு தூக்க ஆய்வு நடந்தது. படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்ததில், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைந்தது. 400 என்பது நம் டீக்கணக்கில் ஏழெட்டு கிளாஸ், சாதாரணமாக யாரும் ஒரே நேரத்தில் குடிக்க மாட்டார்கள். ஆனால் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், லாரி ஓட்டுபவர்கள் ஒரு நாளில் குடிப்பதைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் வரம்பு நாளைக்கு 300.

5 மணி நேரம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஈரலில் ஒரு நொதிதான் காஃபினைக் கரைத்து வெளியேற்றுகிறது, சிலருக்கு அது பிறவியிலேயே சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். கர்ப்பக் கடைசி மாதங்களில் 5 மணி நேரம் 15 மணி நேரம்வரை நீளும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பச்சைக் குழந்தையின் ஈரலில் அந்த நொதி ஏறக்குறைய இல்லை, அங்கே கணக்கு நாட்களில் போகிறது. குறைமாதத்தில் பிறந்து மூச்சுவிட மறக்கும் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் காஃபினையே மருந்தாகக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.

புகை பிடிப்பவர்களுக்கு இது எதிர்த்திசையில். புகையில் இருக்கும் சில பொருட்கள் அந்த நொதியைத் தூண்டிவிடுவதால் காஃபின் வேகமாக வெளியேறும். நிக்கோடின் அல்ல, புகைதான் காரணம். எங்கள் தெருமுனையில் பழக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கதை அப்படித்தான். டீயும் பீடியும் ஜோடியாகவே நாள் முழுக்க ஓடும் அவருக்கு. நெஞ்சில் சளி கட்டி டாக்டர் மிரட்டியதும் பீடியை அடியோடு விட்டுவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் டீ அப்படியே ஓடியது, சொல்லப்போனால் வாய் சும்மா இருக்க முடியாமல் ஒன்றிரண்டு கூடியது. கொஞ்ச நாளில் தூக்கம் போயிற்று, கை லேசாக நடுங்கிற்று. "பீடிய விட்டதுதான் தப்பு, உடம்பு ஏத்துக்க மாட்டேங்கு" என்று திரும்பப் பற்றவைக்கும் யோசனையில் இருந்தார். புகை நின்றதும் ஈரலின் வேகம் இறங்கி, அதே டீயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காஃபின் அவர் உடம்பில் தங்க ஆரம்பித்திருந்தது. பீடியை விடுகிறவர்களுக்கு டீயைப் பாதியாக்கச் சொல்லி ஏன் ஒருத்தரும் சொல்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சியிடம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம் என்றேன். நம்பாமல்தான் கேட்டுக்கொண்டார், ஒரு வாரத்தில் தூக்கம் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆய்வகமே தேவையில்லை. சுக்குக் காப்பி இருக்கிறது. சுக்கு, மல்லி, கருப்பட்டி. பல வீடுகளில் காப்பித்தூள் ஒரு சிட்டிகைகூடப் போடுவதில்லை. பெயர்தான் காப்பி, உள்ளே சீனிப் பங்கு மட்டும் உண்டு, காஃபின் கிடையாது. ராத்திரி பத்து மணிக்குக் குடித்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம். நேர் எதிர்ப்பக்கம் சீனி போடாத கடுங்காப்பி, அதில் காஃபின் மட்டும். இரண்டையும் வெவ்வேறு நாள் சாயங்காலம் குடித்துப் பார்த்தால் எது தெம்பு, எது தூக்கத்தைக் கெடுப்பது என்று அவரவர் உடம்பே சொல்லிவிடும்.

கருப்பட்டி பற்றிச் சொன்னால் ஊரில் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றியெடுப்பது. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு கிடையாது. வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் அதில் இருப்பதும் நிஜம். ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருப்பதே. "நான் சீனியத் தொட்டே வருஷமாச்சு, கருப்பட்டிதான்" என்று பெருமையாகச் சொல்பவர்களின் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சுகர் ரிப்போர்ட்டை நீட்டும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

அந்த எச்பிஏ1சிதான் நான் முதலில் சொன்ன பாக்கிக் கணக்கு. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும், சிவப்பணு சாகிறவரை, சுமார் 120 நாள், அது விடாது. அதனால் கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியை ஒரு சொட்டு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்டுக்கு முந்தின ஒரு வாரம் மட்டும் பத்தியம் இருப்பவர்களின் பருப்பு இங்கே வேகாது. 5.7-க்குக் கீழே சரி, 6.5-உம் அதற்கு மேலும் சுகர். ஒட்டுவது ஹீமோகுளோபினில் மட்டுமா? கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று நுண்குழாய் இருக்கும் இடமெல்லாம் இதே வேலை நடக்கிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சுகர் என்று 2023-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொன்னது. காஃபினுக்கு இப்படி மூன்று மாசத்துக் கணக்கைக் காட்டும் டெஸ்ட் எதுவும் எங்களிடம் கிடையாது. நேற்றுக் குடித்தது நாளை மறுநாள் இருக்காது.

கோச்சிங் பிள்ளைகள் வாங்கும் எனர்ஜி டிரிங் டப்பாவில் ரெண்டும் சேர்ந்தே வருகிறது. 250 மில்லி டப்பாவில் காஃபின் 75, 80 மில்லிகிராம், சீனி 27 கிராம் பக்கம். பெரிய காப்பி ஒன்றுக்குமேல் அதில் காஃபின் கிடையாது. ஆனால் சீனி அஞ்சாறு ஸ்பூன். பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்று டப்பாவிலேயே எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்.

டீயில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, டானின். அது சாப்பாட்டிலிருக்கும் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். பீடி சுற்றும் பெண்கள் காலைச் சாப்பாட்டோடு டீயும் குடித்துவிட்டுத் தட்டை மடியில் வைப்பார்கள்; ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று நிற்கும். அந்த அசதிக்கு மறுபடியும் டீ. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்றும் அந்த 2024 வழிகாட்டியில் இருக்கிறது. சீனியைக் குறைத்தாலும் கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது, நேரத்தை மாற்றினால்தான் மாறும்.

பழக்கடை அண்ணாச்சியை மறந்துவிட வேண்டாம். அவருக்குச் சுகர் லேசாக உண்டு, மாத்திரை ஒன்று. தூக்கம் சரியானதும் மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். மூன்று மணிக்கு மேல் டீ கிடையாது, பீடியும் கிடையாது, சாயங்காலம் கடையில் கை சும்மா இருக்கிறது. வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி வர ஆரம்பித்தது. நல்ல கருப்பட்டி, தாராளமாக. மூன்று மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி 6.9-லிருந்து 7.8-க்கு ஏறியிருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் நேராக என்னிடம்தான் வந்தார்.

"நீங்கதானே டீய விடச் சொன்னிய?"

"டீயைத்தான் சொன்னேன் அண்ணாச்சி, கருப்பட்டியை ஃபிளாஸ்க் நிறைய ஊத்தச் சொல்லலயே."

"கருப்பட்டி மருந்துல்லா?"

கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஐந்து லிட்டர் ரத்தம், ஒரு ஸ்பூன் குளுக்கோஸ். கவனமாகக் கேட்டார்.

"அப்போ சுக்கையும் மல்லியையும் வெறுமன கொதிக்கவச்சுக் குடிக்கச் சொல்லுதியளா?"

"ஆமா."

"அதுக்கு நான் பீடியே குடிச்சிருப்பேன்" என்றார்.

பீடிக்குப் போகவில்லை. இப்போது ஃபிளாஸ்க் சின்னதாகிவிட்டது. கருப்பட்டியை வீட்டில் மதினி எண்ணிப் போடுகிறாராம். அடுத்த எச்பிஏ1சி தை மாசம்.